சீப்பு வாத்தா, மூக்கன் தாராவா?

சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரிக் கரையில் பறவை பார்க்க வந்த பிள்ளைகளிடம் ஒருவர் ஒரு வாத்தின் படத்தைக் காட்டி, "இது சீப்பு வாத்து" என்றார். கைப்பேசிச் செயலியிலும் கண்காட்சி அட்டையிலும் பார்த்துச் சலித்த பெயர், இப்போது கன்னங்குறிச்சிக்கும் வந்துவிட்டது. ஒரு பையன், "தலை சீவுமா சார்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

ஆங்கிலத்தில் இதற்குக் கோம் டக் என்றும் நாப்-பில்டு டக் என்றும் பெயர். அறிவியல் பெயர் சார்கிடியோர்னிஸ் மெலனோட்டோஸ். கிரேக்கத்தில் சார்கிடியோன் என்றால் சிறு சதைத்துண்டு, ஓர்னிஸ் பறவை. மெலனோட்டோஸ் என்பது கருமுதுகு. இலங்கையில் கிடைத்த பறவையை வைத்து 1769-ல் இயற்கையியலாளர் பென்னன்ட் விவரித்தார். வேர் விளக்கம் இவ்வளவு போதும்.

பெரிய வாத்து இது. வெள்ளைத் தலையில் கரும்புள்ளிகள். முதுகும் இறக்கையும் கறுப்பு, வெயில் பட்டால் பச்சையும் ஊதாவுமாக மின்னும். ஆணின் அலகு மேல் கறுத்த சதைத் திமில் ஒன்று நிற்கும். இனப்பெருக்கக் காலத்தில் அது இன்னும் புடைக்கும். பெட்டைக்கு அது கிடையாது, உடம்பும் சிறியது. நீர்நிலையை ஒட்டிய மரப்பொந்தில் முட்டையிடும். ஆப்பிரிக்காவிலும் உண்டு, நம் பக்கமும் உண்டு.

இதில் சீப்பு எங்கே இருக்கிறது? ஆங்கிலக்காரன் 'கோம்' என்று சொன்னது சேவல் கொண்டையை நினைத்து. அவன் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேர் 'பல்'. பல்வரிசை இருப்பதால் தலைவாரும் சீப்பும் கோம், ரம்பம்போல் வெட்டிய சேவல் கொண்டையும் கோம். நம் சீப்பு 'சீவு' என்ற வினையிலிருந்து வந்தது. சீவுவதுதான் சீப்பு. வாழைப்பழத்துக்குச் சீப்பு சொல்கிறோம், சரி, அது உருவத்தைப் பார்த்துச் சொன்னது. சேவல் தலையில் இருப்பதை எந்தத் தமிழனாவது சீப்பு என்பானா? கொண்டை என்பான், பழைய நூல் படித்தவர் சூட்டு என்பார். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டார்கள். பறவையை ஒருமுறை பார்த்திருந்தால் கை நின்றிருக்கும்.

அடுத்த கட்சி, நாப்-பில்டு என்பதை மொழிபெயர்த்த 'குமிழ் அலகு வாத்து'. இது கொஞ்சம் யோசித்த பெயர்தான், ஆனால் நம் புலவர்கள் பெண்ணின் அழகான மூக்குக்குக் குமிழம்பூவை அல்லவா உவமை சொன்னார்கள்? இங்கே பெண்ணுக்குக் குமிழே இல்லை! 'செண்டு வாத்து' என்பாரும் உண்டு. கேட்டதும் பூச்செண்டுதான் மனசில் வரும்.

மூக்கன் தாரா என்று இதற்கு ஏற்கெனவே தமிழில் பெயர் இருக்கிறது. இந்தியில் நக்டா, அங்கும் 'நாக்' என்ற மூக்குதான் அடிப்படை. நேரில் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இப்படித்தான் இருக்கும். தாரா நமக்கு அந்நியமும் இல்லை, மலையாளத்தில் இன்றும் வாத்துக்குத் தாறாவு என்றுதான் பெயர். புள்ளிமூக்கு வாத்தோடு குழம்பாதா என்கிறார்கள். அதற்கு அலகின் அடியில் சிவப்புப் புள்ளி, நுனியில் மஞ்சள். திமிலே கிடையாது. பார்த்த யாருக்கும் குழப்பம் வராது. பெட்டையை எப்படி 'மூக்கன்' என்பது என்றும் ஒரு கேள்வி. ஆங்கிலப் பெயரும் ஆணைப் பார்த்து வைத்ததுதானே, அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

பறவைக்கு மூக்கு என்பது கொச்சை, அலகு என்பதே சுத்தம் என்று திருத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சேலத்துச் சந்தையில் கிளிமூக்கு மாங்காய் விற்கிறது. அங்கே போய், "ஒரு கிலோ கிளியலகு மாங்காய் போடுங்கண்ணா" என்று கேட்டுப் பாருங்கள்.