சட்டம் சிகாகோவில், துப்பாக்கிக் கடை இந்தியானாவில்

துப்பாக்கிச் சட்டம் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் யாராவது ஒருவர் சிகாகோவை இழுத்துவிடுகிறார். அங்கேதானே சட்டம் கடுமை, அங்கேதானே கொலையும் அதிகம், அப்புறம் சட்டத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்கிறார்கள். அந்த ஊரிலேயே அவசர சிகிச்சை மருத்துவராக வேலை பார்ப்பதால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. 2020-இல் சிகாகோவில் கொல்லப்பட்டவர்கள் 770 பேர் அளவுக்கு வரும். பயங்கரமான எண்தான். ஆனால் இங்கே 27 லட்சம் பேர் இருக்கிறோம், ஆகவே லட்சம் பேருக்கு 28. அதே வருடம் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் 263 கொலைகள், மக்கள்தொகை மூன்று லட்சம்தான், லட்சத்துக்கு 87. மிசௌரியின் துப்பாக்கிச் சட்டம் நாட்டிலேயே மிகத் தளர்வானவற்றில் ஒன்று, மாநகராட்சி தன் பங்குக்குக் கடுமையாக ஏதாவது போடலாமென்றால் அதற்கும் மாநிலச் சட்டம் விடாது. (இதை வைத்து, கடுமையான சட்டம் வேண்டும் என்கிற நம் பக்கம்தான் நியாயம் என்று முடிவு கட்டவும் மாட்டேன். செயின்ட் லூயிஸ் 1876-லேயே தன் மாவட்டத்திலிருந்து பிரிந்துகொண்ட ஊர், அமைதியான புறநகர்கள் கணக்கில் சேராததால் விகிதம் கூடுதலாகவே தெரியும்.)

ஊர் எல்லை துப்பாக்கியைத் தடுக்காது என்பதுதான் நான் சொல்ல வருவது. சிகாகோ நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: குற்றங்களில் பிடிபட்டு, முதலில் எங்கே விற்கப்பட்டவை என்று கண்டுபிடிக்கப்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 60 சதவீதம் வெளிமாநிலத்தில் வாங்கியவை. இந்தியானாவிலிருந்து மட்டும் 21 சதவீதம். ஊரின் தென்கிழக்கு மூலையில் ஒரு தெருவைத் தாண்டினாலே இந்தியானாதான். அங்கே தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் பின்புல விசாரணை எதுவும் தேவையில்லை. சிகாகோவில் 1982 முதல் 2010 வரை கைத்துப்பாக்கித் தடையே இருந்தது, 2010-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. தடை இருந்தபோதும் 1992-இல் 900-க்கு மேல் கொலைகள் நடந்தன.

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் குண்டடி பட்டு வருபவரின் ஒவ்வொரு காயத்தின் மேலும், ஓட்டை எங்கே என்று படத்தில் தெரிய, ஒரு பேப்பர் கிளிப்பை ஒட்டி எக்ஸ்ரே எடுப்போம். ஒரு ஓட்டை போட்டு நுழைந்த குண்டு இன்னொரு ஓட்டை போட்டு வெளியேறியிருக்கும், இல்லை உள்ளேயே தங்கியிருக்கும். ஆகவே உடம்பிலுள்ள ஓட்டைகளையும் உள்ளே தெரியும் குண்டுகளையும் கூட்டினால் இரட்டைப்படை வரவேண்டும். ஒற்றைப்படை வந்தால் எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று அர்த்தம், ஆளைப் புரட்டி அக்குள், தொடை இடுக்கு, தலைமுடிக்குள் எல்லாம் மறுபடி தேடுவோம். இந்தத் தேடலுக்கு நடுவிலேயே சிலர் போய்விடுகிறார்கள். காரணத்தைக் கேட்டால் பெரும்பாலும் அற்பமான சண்டை, ஃபேஸ்புக்கில் ஏதோ எழுதியது, பழைய பகை. இதே சண்டையில் கத்தி இருந்திருந்தால் பாதிப்பேரைத் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று எத்தனையோ இரவு தோன்றியிருக்கிறது.

ஆயுதம் மாறினால் முடிவும் மாறும் என்பதற்கு ஆதாரமும் உண்டு. பாஸ்டனில் 2010 முதல் 2014 வரை நடந்த துப்பாக்கிச் சூடுகளை பிராகா, குக் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். எத்தனை காயம், எங்கே பட்டது என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பெரிய குண்டு பட்டவர்கள் அதிகம் செத்தார்கள். எல்லாத் துப்பாக்கியும் சிறிய ரகமாக இருந்திருந்தால் கொலைகள் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

சரி, எந்தச் சட்டம் வேலை செய்கிறது? என் பார்வையில் வாங்கும் இடத்தில் நிற்கிற சட்டம். மிசௌரியில் 1921 முதல் கைத்துப்பாக்கி வாங்க ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) அலுவலகத்துக்கு நேரில் போய் பெர்மிட் வாங்க வேண்டியிருந்தது. 2007 ஆகஸ்டில் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் வெப்ஸ்டர் குழு ஆராய்ந்தபோது துப்பாக்கிக் கொலை விகிதம் கால்வாசி அளவு கூடியிருந்தது, மற்ற ஆயுதங்களால் நடந்த கொலைகளில் அப்படி ஏற்றம் இல்லை. விற்ற சில மாதங்களுக்குள்ளேயே குற்றத்தில் சிக்கும் துப்பாக்கிகளும் பெருகின. 1995-இல் பெர்மிட் கொண்டுவந்த கனெக்டிகட் மாநிலத்தில் போக்கு நேர்மாறாக இருந்தது.

இதோடு எல்லாம் தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். நியூயார்க் நகரில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் சட்டம் 1911 முதலே இருக்கிறது, ஆனாலும் 1990-இல் 2,200-க்கு மேல் கொலைகள், 2017-இல் 300-க்கும் கீழே. மேரிலாந்து 2013-இல் கைத்துப்பாக்கி வாங்கக் கடுமையான லைசென்ஸ் முறை கொண்டுவந்தது, 2015-இல் ஃப்ரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் காவலில் காயம்பட்டு இறந்தபின் அந்த மாநிலத்தின் பால்டிமோர் நகரில் கொலைகள் 300-ஐத் தாண்டின. போலீஸ் மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டால் சாட்சி சொல்ல ஆளில்லை, பழிக்குப் பழி தெருவிலேயே தீர்க்கப்படும். அதைச் சரிசெய்ய எந்த லைசென்ஸும் போதாது. ஆனால் அந்தக் கோபம் பொங்கும் நேரத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் துப்பாக்கி இருக்கிறதா என்பதை நிச்சயம் சட்டம் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரு விஷயம். ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. நண்பன்தானே, நீங்க கிரீன் கார்டுதானே, உங்க பேர்ல வாங்கிக் கொடுங்கண்ணா என்று அவர்களில் யாராவது கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். 2022-இல் வந்த ஃபெடரல் சட்டப்படி பினாமியாக வாங்கினால் 15 வருடம் வரை சிறை. சட்டப்படி வைத்திருப்பவர்கள் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், காரிலிருந்து திருடப்படும் துப்பாக்கிகள்தான் தெருவுக்கு வருகிற முக்கிய வழிகளில் ஒன்று. தொலைந்தால் அன்றைக்கே போலீஸில் சொல்லுங்கள். பிள்ளைகள் வேறு வீட்டுக்கு விளையாடப் போகுமுன், அங்கே துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.