பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்: சொல் விளக்கம்

இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்களில், அதிலும் மாரி தொடங்கி டெங்கு தலையெடுக்கும் நாள்களில், அடிக்கடி கண்ணில் படும் பதவிப் பெயர் இது. பேச்சில் யாரும் இதை முழுதாகச் சொல்வதில்லை. ‘ஆர்.டி.எச்.எஸ்’ என்று ஆங்கில எழுத்துகளாகவே வாயில் வரும். எழுத்தில் மட்டும் நான்கு சொற்களும் வரிசையாக நிற்கும். அவற்றில் முதல் மூன்றும் வடமொழி வழி வந்தவை. கடைசிச் சொல் தமிழ். ஒவ்வொரு சொல்லும் என்ன சொல்கிறது, இந்தப் பெயரைத் தனித்தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று இங்கே பார்க்கலாம்.

முதலில் பொருள். ஏறத்தாழ ஒரு மாவட்ட அளவுள்ள நிலப்பரப்பில், மாகாண நிருவாகத்தின் கீழ் வரும் வைத்தியசாலைகளையும் நோய்த்தடுப்பு வேலைகளையும் நடத்துகிற மருத்துவ நிருவாகியே இந்தப் பணிப்பாளர். அவர் ஒரு வைத்தியர். அவருக்கு மேலே மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர். கீழே, களத்தில், சுகாதார வைத்திய அதிகாரிகள். முன்பு இதே பதவிக்குப் பிரதி மாகாணப் பணிப்பாளர் என்று பெயர் இருந்தது. பிறகுதான் ‘பிராந்திய’ என்ற அடைமொழி வந்தது.

நாட்டில் மாகாணங்கள் 9, மாவட்டங்கள் 25. ஆனால் சுகாதாரப் பிராந்தியங்கள் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அம்பாறை, கல்முனை என்று இரண்டு பணிமனைகள் இருக்கின்றன. ‘மாவட்டப் பணிப்பாளர்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாததற்கு இந்த ஒரு இடமே போதும். கல்முனைக்குப் பொறுப்பானவர் ஒரு மாவட்டத்தின் அதிகாரி அல்ல.

பிராந்தியம் என்ற சொல்லுக்கு வேர் வடமொழிப் ‘பிராந்தம்’. அதன் பழைய பொருள் ஓரம், எல்லை. எல்லைப்புறத்தைக் குறித்த சொல் மெல்ல மெல்ல எல்லைக்கு உட்பட்ட நிலம் முழுவதையும் குறிக்கத் தொடங்கியது. இந்தியில் ‘பிராந்த்’ என்றால் மாகாணம் என்றே பொருள். இலங்கைத் தமிழில் அது மாகாணத்தைவிடச் சிறிய பரப்பாகச் சுருங்கிவிட்டது.

இங்கே தமிழ் செய்திருக்கும் ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் இந்தப் பணிப்பாளரின் பெயரிலும் ‘பிராதேசீய’ என்ற சொல்லே வருகிறது, பிரதேச செயலாளரின் பெயரிலும் அதுவே வருகிறது. ஒருவர் மாவட்ட அளவிலான அதிகாரி, மற்றவர் அதற்கும் கீழே உள்ள ஒரு பிரிவின் அதிகாரி. அடைமொழி மட்டும் ஒன்று. தமிழில் சிறிய பிரிவுக்குப் ‘பிரதேசம்’, பெரியதற்குப் ‘பிராந்தியம்’ என்று பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் கடன்வாங்கிய சொற்கள்தான். ஆனாலும் வேலை சுத்தமாக நடந்திருக்கிறது. அதனால் ‘பிரதேச சுகாதாரப் பணிப்பாளர்’ என்று எழுதுவது தவறு. அப்படியொரு பதவி இல்லை.

அடுத்தது சுகாதாரம். இந்தச் சொல்லில்தான் விஷயம் அதிகம். சுகம் + ஆதாரம் என்று பிரியும். சுகத்துக்கு அடிப்படையாக இருப்பது. இந்த ‘ஆதாரம்’ வேறோர் இடத்திலும் நமக்குத் தெரிந்ததே. பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை என்கிறோமே, அதே சொல். இதில் கவனிக்க வேண்டியது, வடமொழியிலிருந்து வந்த இந்தக் கூட்டைத் தமிழ் தனக்கென்று எடுத்துக்கொண்ட விதம். மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் இந்த இடத்தில் ‘ஆரோக்கியம்’ என்கின்றன. இந்தி ‘சுவாஸ்திய’ என்கிறது. சிங்களம் ‘சௌக்கிய’ என்கிறது. தமிழின் சுகாதாரமும் சிங்களத்தின் சௌக்கியமும் ஒரே ‘சுக’த்தில் பிறந்தவை என்பதைப் பார்க்கலாம்.

சுகாதாரம் வருவதற்கு முன்னால் என்ன சொன்னோம்? யாழ்ப்பாணத்தில் இதற்கு அச்சில் ஒரு சான்று உண்டு. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்தவர். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று நினைத்து, அதைச் செய்தும் காட்டியவர். அவர் 1857இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’. அங்காதிபாதம் உடலின் அமைப்பைச் சொல்வது, சுகரணவாதம் உடலின் இயக்கத்தைச் சொல்வது, உற்பாலனம் உடலைப் பேணுவதைச் சொல்வது. பாலனம் என்றால் காத்தல். ஆக, 19ஆம் நூற்றாண்டின் நடுவில், இன்று சுகாதாரம் என்ற சொல் நிற்கும் இடத்தில் உற்பாலனம் நின்றது. அந்தச் சொல் நிலைக்கவில்லை. ஆனால் ஒரு துறையையே தமிழில் சொல்ல முடியும் என்று நம்பி உழைத்த அந்த முயற்சி நமக்குப் பெரிய சொத்து. அதை இன்னும் நாம் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன்.

அதற்கும் வெகு முன்னால் திருக்குறளில் ‘பிணியின்மை’ இருக்கிறது. ஒரு நாட்டுக்கு அணி என்று ஐந்தைச் சொல்லும் 738ஆம் குறள் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. தனி ஒருவரின் உடம்பைப் பற்றி அங்கே பேச்சில்லை; நாட்டைப் பற்றிய பேச்சு. இன்று பொதுச் சுகாதாரம் என்று நாம் சொல்வதன் கருத்து அந்த ஒரு சொல்லில் அப்போதே இருக்கிறது.

சரி, சுகாதாரம் என்ற சொல்லில் என்ன குறை? வடமொழி என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. அது இரண்டு வேலை செய்வதுதான் சிக்கல். ‘சுகாதார அமைச்சு’ என்னும்போது மக்களின் உடல்நலம். ‘சுகாதாரமற்ற உணவு’ என்னும்போது அழுக்கு. குப்பை அள்ளி வடிகால் துப்புரவு செய்யும் உள்ளூராட்சி ஊழியர்களையும் ‘சுகாதாரத் தொழிலாளர்கள்’ என்றே அழைக்கிறோம். இதனால் வரும் குழப்பம் சொல்லோடு நிற்பதில்லை. வடிகால் அடைத்துக்கொண்டால் ஆள்கள் சுகாதாரப் பணிமனைக்குப் போகிறார்கள். வடிகாலைத் துப்புரவு செய்யும் பொறுப்பு பிரதேச சபையுடையது, நகர சபையுடையது, மாநகர சபையுடையது. பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து பார்க்கலாம், எச்சரிக்கலாம், வழக்குப் போடலாம். மண்வெட்டியும் உழவு இயந்திரமும் சபையிடம்தான் இருக்கின்றன.

‘சேவைகள்’ பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பணி என்ற சொல் அதற்குப் போதும். தமிழ்நாட்டில் இதையொத்த பதவியில் இருப்பவரை ‘இணை இயக்குநர், நலப்பணிகள்’ என்கிறார்கள். சுகாதாரம், சேவை என்ற இரண்டு சொற்களை ‘நலப்பணி’ என்ற ஒரு கூட்டு நன்றாகவே தாங்குகிறது.

அப்புறம் பணிப்பாளர். பணிதல் என்றால் வணங்குதல், கீழ்ப்படிதல். பணித்தல் என்றால் கட்டளையிடுதல். பணிப்பு, கட்டளை, அதை ஆள்பவர் பணிப்பாளர். தமிழ்நாட்டு ‘இயக்குநர்’ ஒன்றை இயங்க வைப்பவர். இலங்கையில் இயக்குநர் என்றதும் திரைப்படம் எடுப்பவரே நினைவுக்கு வருவார். அலுவலகத்துக்குப் பணிப்பாளர்தான். சிங்களத்தில் இந்த இடத்தில் ‘அத்யக்ஷ’ வருகிறது. மேற்பார்ப்பவர் என்று பொருள். தமிழிலும் அது ‘அத்தியட்சகர்’ ஆக இருக்கிறது, ஆனால் ஒரு படி இறங்கி. ஒரு வைத்தியசாலையை நடத்துபவர் வைத்திய அத்தியட்சகர். பணிப்பாளர் அவரைவிட மேல்.

பெயர் கட்டளையிடுபவர் என்று சொல்கிறது. வேலையைப் பார்த்தால், கட்டளையிடக்கூடிய இடங்கள் அவருக்குக் குறைவு. இதைப் புரிந்துகொள்ள 1987க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பரில் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. அதன் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரிக்கிறது: மாகாணத்துக்கு உரியவை, மத்திய அரசு வைத்துக்கொண்டவை, இருவருக்கும் பொதுவானவை. பொது வைத்தியசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், மகப்பேற்று இல்லங்கள், தாய் சேய் நலம், போசாக்கு, உணவுச் சுகாதாரம் எல்லாம் மாகாண நிரலில் இருக்கின்றன. போதனா வைத்தியசாலைகளும் சிறப்புத் தேவைக்கான வைத்தியசாலைகளும் அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. மருந்துக் கொள்வனவும் அப்படியே. தேசியக் கொள்கை வகுப்பது மத்திய அரசின் கையில்.

இதன் விளைவை யாழ்ப்பாணத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் நேரடி நிருவாகத்தில் இருக்கிறது. பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை மாகாணத்தின் கீழ், அதாவது பிராந்தியப் பணிப்பாளரின் கீழ். நோயாளிக்கு இரண்டும் அரச ஆஸ்பத்திரிதான். இரண்டிலும் காசில்லாமல் வைத்தியம் கிடைக்கும். ஆனால் கடிதம் போகும் முகவரிகள் வேறு.

வைத்தியர்கள் நாடு தழுவிய சேவையைச் சேர்ந்தவர்கள். அவர்களின் நியமனமும் இடமாற்றமும் மத்திய அமைச்சின் வழியாக வரும். மருந்தும் அப்படித்தான். மருத்துவ வழங்கல் பிரிவு கொழும்பிலிருந்து அனுப்ப, பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவு வாங்கிப் பகிர்ந்து கொடுக்கும். பணத்திலும் பெரும்பகுதி நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையின் பேரில் மத்திய அரசிடமிருந்து மாகாணத்துக்கு வருவது. ஆக, பிராந்தியப் பணிப்பாளரிடம் கட்டடங்களும் களமும் பொறுப்பும் இருக்கின்றன. ஆளையும் மருந்தையும் அவர் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஒரு டெங்கு நோயாளியைப் பின்தொடர்ந்தால் இது இன்னும் தெளிவாகும். ஒருவர் போதனா வைத்தியசாலையில் சேர்க்கப்படுகிறார். டெங்கு என்று சந்தேகம் வந்த உடனே விடுதியில் எச் 544 என்ற படிவம் எழுதப்படுகிறது. அது நோயாளி வசிக்கும் இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது. மத்திய அரசின் கட்டடத்திலிருந்து புறப்பட்ட தாள் மாகாண நிருவாகத்துக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். பொதுச் சுகாதார பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411 படிவத்தை நிரப்புகிறார். வாராந்த அறிக்கை பிராந்தியப் பணிமனைக்கும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கும் போகிறது. பணிமனையில் இருக்கும் பிராந்தியத் தொற்றுநோயியலாளர் எந்தத் தெருவில் நோய் கூடுகிறது என்று பார்க்கிறார். நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பவர் மீது 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். வெற்று ரயர்களை அள்ளிக்கொண்டு போக வேண்டியது உள்ளூராட்சி சபை. எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைத்து உட்கார வைப்பது பெரும்பாலும் மாவட்டச் செயலாளர். அவரோ மத்திய அரசின் அதிகாரி.

ஒரே ஒரு காய்ச்சலுக்கு மூன்று மட்ட நிருவாகம் வேலை செய்கிறது. இவற்றில் எதுவும் பிராந்தியப் பணிப்பாளர் ‘பணித்து’ மட்டும் நடப்பதில்லை. அவர் கேட்கிறார், நினைவூட்டுகிறார், தரவைக் காட்டிப் பேசுகிறார். கூட்டங்களில் உட்கார்ந்து வாதாடுகிறார். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு ஒரு பக்கம். மத்திய அமைச்சின் செயலாளரும் மாகாணப் பணிப்பாளர்களும் சந்திக்கும் தேசிய சுகாதார அபிவிருத்திக் குழு இன்னொரு பக்கம். பதவியின் பெயரில் இல்லாத ‘ஒருங்கிணைப்பு’ என்ற சொல்தான் அந்தப் பதவியின் பாதி வேலை. மாகாண சபைகளின் பதவிக்காலம் 2017 முதல் 2019 வரை ஒவ்வொன்றாக முடிந்து, அதன் பிறகு தேர்தல் நடக்காமலே ஆளுநர்களின் கீழ் நிருவாகம் ஓடிய ஆண்டுகளில் இந்த வேலை இன்னும் கடினமானது. மக்கள் தெரிந்தெடுத்த ஒரு மாகாண சுகாதார அமைச்சர் இல்லாதபோது, மாகாணத்தின் தேவையை மேலே கொண்டுபோகும் சுமையில் பெரும்பங்கு அதிகாரிகளின் தோளில் ஏறுகிறது. இது நல்ல நிலை அல்ல.

சுகாதார வைத்திய அதிகாரி என்ற அமைப்பு மாகாண சபைகளைவிட மிகப் பழையது. களுத்துறையில் 1926இல் தொடங்கிய முதல் சுகாதார அலகுதான் அதன் தோற்றம். இன்று நாடு முழுவதும் 350க்கு மேற்பட்ட பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வீடு வீடாகப் போகிறவர் குடும்ப நல உத்தியோகத்தர். ஊரில் ‘மிட்வைஃப்’ என்றால்தான் தெரியும். அவருடைய பதவிப் பெயரைப் பாருங்கள். சுகாதாரம் இல்லை, ‘நலம்’ இருக்கிறது. கொழும்பிலுள்ள தலைமை அலுவலகம் ‘குடும்ப சுகாதாரப் பணியகம்’. அதே வேலையைக் களத்தில் செய்பவர் ‘குடும்ப நல’ உத்தியோகத்தர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

தனித்தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இங்கிருந்தே விடை தொடங்குகிறது என்பது என் கருத்து. நலம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் துறையின் பெயரே ‘மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை’. எனவே உடல்நலம், மனநலம், தாய் சேய் நலம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் ‘நல்வாழ்வு’. அழுக்கு நீக்குவதைச் சொல்லும் இடத்தில் ‘துப்புரவு’. மேலே சொன்ன குழப்பம் இப்படிப் பிரித்தால் போய்விடும். பணிப்பாளர் அப்படியே இருக்கட்டும். ‘நலப்பணிப் பணிப்பாளர்’ என்றால் பணி இரண்டு முறை வந்து நாக்கில் இடறும், ஆகவே ‘நல்வாழ்வுப் பணிப்பாளர்’.

பிராந்தியத்துக்குத்தான் சொல் கிடைப்பது கடினம். வட்டாரம் அழகான சொல், ஆனால் இலங்கையில் அது உள்ளூராட்சித் தேர்தல் தொகுதியைக் குறிக்கப் போய்விட்டது. தமிழ்நாட்டில் அது ஊராட்சி ஒன்றிய அளவு. வலயத்தைக் கல்வித் திணைக்களம் எடுத்துக்கொண்டது. மண்டலம் சோழர் காலத்துச் சொல். இந்தத் தீவையே மும்முடிச் சோழ மண்டலம் என்றார்கள். ஒரு மாகாணத்தின் பகுதிக்கு அது அளவில் பெரிது. இருக்கும் சொற்கள் எல்லாவற்றுக்கும் யாரோ ஏற்கெனவே ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். ஆனால் இந்தப் பதவி எப்போதும் ஓர் ஊர்ப் பெயரோடுதான் வருகிறது. அப்படியென்றால் அடைமொழியே தேவையில்லை. ‘கல்முனை நல்வாழ்வுப் பணிப்பாளர்’, ‘மன்னார் நல்வாழ்வுப் பணிப்பாளர்’ என்றால் யாருக்கும் ஐயம் வராது. மேலே இருப்பவர் பெயரில் ‘வட மாகாண’ என்று மாகாணம் வந்துவிடுவதால் இருவரும் கலக்கமாட்டார்கள். ஊர்ப் பெயர் இல்லாமல் பொதுவாகப் பதவியைச் சொல்ல நேரும் இடத்தில் பிராந்தியத்தை வைத்துக்கொள்ளலாம்.

சட்டப் பெயர் மாறும்வரை கடிதத்தில் முழுப் பெயரைத்தான் எழுத வேண்டும். செய்தி எழுதுபவர்கள் வெறுமனே ‘சுகாதாரப் பணிப்பாளர் தெரிவித்தார்’ என்று முடித்துவிடுவதைத் தவிர்த்தால் நல்லது. மாகாணப் பணிப்பாளர், பிராந்தியப் பணிப்பாளர், போதனா வைத்தியசாலைப் பணிப்பாளர் என்று ஒரே நகரத்தில் மூவர் இருக்கக்கூடும். பருத்தித்துறையில் மருந்து இல்லை என்றால் கேட்க வேண்டியது இரண்டாமவரை. யாழ்ப்பாணப் போதனாவில் இல்லை என்றால் மூன்றாமவரை.