கவர் பாடல்: தமிழில் மீள்பாடல்

ஒருவர் பாடி வெளியான பாட்டை, வரியும் மெட்டும் அப்படியே இருக்க, இன்னொருவர் தம் குரலிலும் தம் வாத்தியங்களோடும் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டால் அது கவர் பாடல். பாட்டு பழையது, பதிவு புதியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சொல்லின் பொருளில் குழப்பமே வராது.

'கவர்' என்றதும் உறை, அட்டை, மூடி என்று மனம் போகிறது. 'உறைப்பாடல்' என்று மொழிபெயர்ப்பவர்கள் வழுக்குவது அங்கேதான். இது அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில் பிறந்த தொழிற்சொல். ஒரு கம்பெனியின் பாட்டு ஓடப்போகிறது என்று தெரிந்தால், போட்டிக் கம்பெனி அதே பாட்டைத் தன் பாடகரை வைத்து அவசரமாகப் பதிவு செய்து கடைக்கு அனுப்பும். சந்தையில் தன் பங்கை விட்டுவிடாமல் ஈடுகட்டுவதற்குத்தான் அங்கே 'கவர்' என்று பெயர். 1950களின் தொடக்கத்தில் இந்தப் பொருளில் சொல் நன்றாகவே புழங்கியது. கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளை வெள்ளைப் பாடகர்களை வைத்து மென்மையாக்கி விற்றதும் அந்தக் காலத்தில்தான். கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் 1955இல் வெளியிட்ட 'டுட்டி ஃப்ரூட்டி'யைச் சில மாதங்களிலேயே வெள்ளைப் பாடகர் பாட் பூன் பாடி வெளியிட்டது அதற்கு நல்ல சான்று. அதனால் சொல்லின் மேல் ஒரு கறை படிந்திருந்தது. இன்று அது போய்விட்டது. முன்னோர் பாட்டுக்குச் செய்யும் மரியாதையாகவே கவரைப் பார்க்கிறார்கள்.

சொல்லின் முழுப் பொருளையும் ஒரே பாட்டில் காட்ட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' போதும். 'என்றும் உன்னை நேசிப்பேன்' என்ற தலைப்பைப் பார்த்துக் கல்யாண மேடையில் போடுகிறார்கள். உண்மையில் இது விடைபெறும் பாட்டு. 'நான் இருந்தால் உனக்கு இடைஞ்சல், அதனால் போகிறேன், நீ நன்றாக இரு' என்பதுதான் அதன் சாரம். அமெரிக்கப் பாடகி டாலி பார்டன் 1973இல் இதை எழுதியது காதலனுக்காக அல்ல. தம்மைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிமுகப்படுத்தி வளர்த்த போர்ட்டர் வேகனரை விட்டுத் தொழில்முறையில் பிரியும்போது எழுதினார். 1974இல் வெளியாகி, கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசைக்கான தரவரிசையில் முதலிடம் பிடித்தது. எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். அவருடைய மேலாளர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். பார்டன் கொடுக்க மறுத்தார்.

1975இல் லிண்டா ரான்ஸ்டாட் பாடினார். 1992இல் 'தி பாடிகார்ட்' படத்துக்காக விட்னி ஹூஸ்டன் பாடினார். இரண்டும் கவர்தான். ஹூஸ்டனின் பதிவைக் கவனித்துக் கேளுங்கள். தொடக்கத்தில் ஏறத்தாழ முக்கால் நிமிடம் வாத்தியமே இல்லை, வெறும் குரல். நடுவில் சாக்ஸபோன். கடைசிச் சரணம் முடிந்ததும் ஒரு கணம் அமைதி, டிரம்மில் ஒரே அடி, உடனே பல்லவி ஒரு முழுச் சுரம் மேலேறி வருகிறது. பார்டன் தம் பதிவில் அந்தச் சரணத்தைப் பாடாமல் பேசியே சொல்லியிருப்பார். மூன்று நிமிடத்துக்குள் முடிந்த பாட்டு நாலரை நிமிடமாக நீண்டது. இவ்வளவு மாறியும் வரியும் மெட்டும் பார்டனுடையவை, ஆகவே உரிமைத்தொகை அவருக்குப் போகிறது. அந்தக் கவர் அமெரிக்காவின் வாராந்தரப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100இல் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1994இல் அதற்குக் கிடைத்த இரண்டு கிராமிகளும் பாட்டு எழுதியவருக்கான விருதுகளல்ல; ஒன்று ஆண்டின் சிறந்த பதிவுக்கு, மற்றது சிறந்த பாப் பாடகிக்கு. பாட்டு வேறு, பதிவு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதே பாட்டைப் பார்டனே 1982இல் ஒரு படத்துக்காக மறுபடி பாடி வெளியிட்டார். அது கவர் ஆகாது, மறுபதிவு. பழைய பதிவின் குரலை வைத்துக்கொண்டு தாளத்தை மட்டும் மாற்றினால் ரீமிக்ஸ். மெட்டை எடுத்து வேறு மொழியில் புது வரி எழுதினால் மெட்டுத் தழுவல். இவை மூன்றையும் கவர் என்று எழுதுவது பிழை.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'கவர் பாடல்' என்றே எழுதுவதில் ஒரு இடைஞ்சல் இருக்கிறது. தமிழில் கவர்தல் என்பது ஈர்த்தல், பறித்தல். 'கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று' என்பது குறள். மனம் கவர்ந்த பாட்டா, பிறரிடமிருந்து கவர்ந்த பாட்டா என்று வாசகர் மயங்க இடம் உண்டு. 'மறுபாடல்' அடுத்து வரும் தேர்வு. மறுமொழி என்றால் பதில்மொழி. அந்த வழக்கில் மறுபாடல் பதில்பாட்டாகத் தொனிக்கிறது. பதில்பாட்டு தனி வகை, அதற்கு அந்தச் சொல்லை விட்டுவைப்பதே நல்லது.

பொருத்தமானது மீள்பாடல். வினைத்தொகை என்பதால் மீண்ட, மீள்கின்ற, மீளும் பாடல் என மூன்று காலத்துக்கும் விரியும். ஒரு பாட்டை 1975இலும் 1992இலும் நாளையும் யாரோ பாடுவதற்கு இது சரியாக ஒட்டுகிறது. பாடல் என்பது பாட்டையும் குறிக்கும், பாடுதலையும் குறிக்கும். எழுதும்போது 'மீட்பாடல்' என்று புணர்த்த வேண்டாம். வினைத்தொகையில் ளகரம் திரியாது, திரித்தால் மீட்பு என்ற பொருள் புகுந்துவிடும். 'கவர் பண்ணினார்' என்பதற்கு 'மீளப் பாடினார்' என்க. 'மீண்டும் பாடினார்' என்றால் அதே பாடகர் இரண்டாம் முறை பாடியதாகிவிடும். முதலில் வந்தது மூலப்பதிவு.

பாட்டுக் குறிப்பில் அதிகம் விடுபடுவது எழுதியவரின் பெயர். 'விட்னி ஹூஸ்டன் பாட்டு' என்று மட்டும் போட்டால் பார்டன் காணாமல் போகிறார். இப்படி எழுதுங்கள்: 'மீள்பாடல்: விட்னி ஹூஸ்டன், 1992. சொல்லும் மெட்டும் மூலப்பதிவும்: டாலி பார்டன், 1974.'