லியட்ஃபர்மாக்: சொல் விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் நடுவயதைக் கடந்த நம்மவர்கள் பள்ளியில் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியைக் கட்டாயமாகப் படித்தவர்கள். 'லியட்ஃபர்மாக்' அவர்களுக்குப் புதிதாக இருக்காது. அடுத்தவர் படும் பாட்டைப் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்துபோவது என்று பொருள். சொல் டச்சு வழி வந்தது. 'லியட்' என்றால் துயரம். 'ஃபர்மாக்' என்றால் கேளிக்கை. சினிமா, டிவி சமாசாரங்களுக்கு ஆஃப்ரிக்கான்ஸில் வழங்கும் அதே சொல்.

டச்சுக்காரர்களின் இன்னொரு ஏற்றுமதி 'பிக் பிரதர்' என்ற டிவி ரியாலிட்டி நிகழ்ச்சி. 1999-இல் நெதர்லாந்தில் தொடங்கி, 2001-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, 2017-இல் 'பிக் பாஸ்' ஆகித் தமிழும் பேசியது. சொல்லும் சரக்கும் ஒரே ஊர்!

நம் நாட்டு 'உயாஜோலா 9/9' நிகழ்ச்சியைப் பாருங்கள். துணைமேல் சந்தேகப்பட்டவர் கேமராவோடு போய் நிற்பார். மாட்டிக்கொண்டவர் சட்டையை இழுத்து முகத்தை மூடுவார். கேமரா அந்தச் சட்டையின் இடுக்கைத் தேடும். நிகழ்ச்சிக்கு வரச் சம்மதித்தது ஒருவர், மானம் போவது இன்னொருவருக்கு. சோபாவில் இருக்கும் நமக்கோ வாய் 'ஐயோ பாவம்' என்கிறது, கை ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொறாமை பொருந்தாது. அது அடுத்தவர் வாழ்வதைக் கண்டு வேகிறது. இது அவர் தாழ்வதைக் கண்டு மகிழ்கிறது. 'எள்ளல்' கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, ஆனால் எள்ளலுக்கு வாய் வேண்டும், இதற்குக் கண் போதும்.

அழுகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பியம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்பட்டவர், பறிகொடுத்தவர், நொடிந்தவர், இல்லாதவர். ரியாலிட்டி நிகழ்ச்சிகளுக்கு ஆள் எடுப்பவர்கள் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்திருப்பார்கள் போல. பாட்டுப் போட்டியில் குரல் வருவதற்கு முன்பே ஒழுகும் கூரை வந்துவிடுகிறது, பின்னணியில் வயலினோடு.

'பிறர் துன்பத்தில் இன்புறுதல்' பொருளில் சரி, நாக்கில் நிற்காது. எனக்குப் பிடித்தது 'துயர்வேடிக்கை'. தெலுங்கின் 'வேடுக'வுக்கு உறவான 'வேடிக்கை' தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. வானத்தில் வெடிப்பதும் வேடிக்கை, விபத்து நடந்த இடத்தில் கூட்டம் பார்ப்பதும் வேடிக்கை. அப்புறம் என்ன, சொல் கையிலேயே இருக்கிறது. இப்படிப் புழங்கலாம்: "மயங்கி விழுந்ததை மூன்று கோணத்தில் மறுபடி மறுபடி காட்டினார்களே, அது துயர்வேடிக்கை."

ஆனால் அழுகை வரும் நிகழ்ச்சிக்கெல்லாம் இதை ஒட்டக் கூடாது. பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்த்துவைக்கும் 'கும்புலேகாயா'வில் பார்க்கிறவரும் கூடவே அழுகிறார். அதற்கு 'இரக்கம்' என்ற பழைய சொல்லே போதும்.