தார்: கரியில் வடிந்ததா, கச்சா எண்ணெயில் எஞ்சியதா?

போச்சம்பள்ளிப் பக்கம் சாலை வேலை எடுத்திருக்கும் ஓர் ஒப்பந்ததாரர் கிருஷ்ணகிரியில் என் மேசைமேல் ஒரு கட்டு பில்களை வைத்தார். கணக்கு எழுதுவது என் தொழில். இரண்டு பில்களில் 'தார்' என்று ஒரே சொல் இருந்தது. டேங்கர் லாரியில் வந்த ஒரே சரக்கு. ஆனால் ஒன்றில் சரக்குக் குறியீடு 2706, மற்றொன்றில் 2713. "எல்லாம் ஒரே தார்தானே, சார்? எந்த எண் போட்டால் என்ன?" என்றார். அவரிடம் அன்று சொன்னதையும், சொல்ல நேரம் இல்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நம் மொழியில் தார் என்ற சொல் பழையது. வாழைத்தார் தெரியும். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டுவது தெரியும். தகடூர் அதியமான் காலத்து அரசர்கள் மார்பில் அணிந்த மாலைக்கும் தார் என்றே பெயர். சாலையில் ஊற்றும் கறுப்புத் தாருக்கும் இவற்றுக்கும் உறவு இல்லை. அது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுபவர்கள் தாரு என்பார்கள், கன்னடம் பேசுபவர்கள் டாம்பரு என்பார்கள். லாரிச் சுமையின் மேல் இழுத்துக் கட்டும் தார்ப்பாயில் இருப்பதும் இந்த ஆங்கிலத் தார்தான். மழை இறங்காமல் இருக்கத் தார் பூசிய துணிக்கு வைத்த பெயரின் முன்பகுதி அது. பின்பகுதி தமிழ் வாயில் 'பாய்' ஆகி, பிறவித் தமிழ்ச்சொல்லைப் போலவே பொருந்திவிட்டது.

ஆங்கிலச் சொல்லின் வேரைத் தோண்டினால் அடியில் மரம் இருக்கிறது. மரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், வடமொழியில் மரக்கட்டையைக் குறிக்கும் 'தாரு' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்தவை. தேவதாரு என்ற மரப்பெயரில் அந்தத் தாருவை நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வட ஐரோப்பாவில் பைன் மரக்கட்டைகளைக் காற்றுப் புகாமல் மூட்டம் போட்டுச் சூடாக்கி, வடியும் கறுப்புக் குழம்பைக் கப்பல் பலகைகளுக்கும் கயிறுகளுக்கும் பூசினார்கள். தார் என்று முதலில் பெயர் பெற்றது அந்த மரத்தார்தான். நிலக்கரியிலிருந்தும் தார் எடுக்கலாம் என்று இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1681-இல். 19-ஆம் நூற்றாண்டில் நகரங்களுக்கு விளக்கு எரிக்க நிலக்கரி வாயு தயாரித்தபோது, கழிவாக மலை மலையாகத் தார் சேர்ந்தது. 1856-இல் ஆங்கில வேதியியலாளர் பெர்கின் செய்த ஊதாச் சாயத்துக்கு மூலப்பொருள் அந்தக் கழிவிலிருந்து வந்தது. செயற்கைச் சாயத்தொழில் அங்கிருந்து வளர்ந்து, 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் நம் நாட்டு அவுரிச் சாகுபடி சரிந்தது. ஜல்லிச் சாலையின் மேல் தார் ஏறியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். 'கோல்தார் ரோடு' என்று மூத்தவர்கள் இன்றும் சொல்வது அப்போது வந்த வழக்கம்.

ஆனால் இன்று நம் சாலைகளில் ஊற்றுவது நிலக்கரித் தார் அல்ல. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தெடுத்தபின் அடியில் தங்கும் பிட்டுமென். சென்னை மணலியில் அது கிடைக்கிறது. வி.ஜி.30 என்று ஒப்பந்தப் புள்ளியில் எழுதுவது அதன் பிசுபிசுப்புத் தரத்தை. நிலக்கரித் தார் பிறப்பது எஃகு ஆலைகளின் கல்கரி (கோக்) உலைகளில். காற்று இல்லாமல் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேகும் நிலக்கரியிலிருந்து ஆவியாகக் கிளம்பி, குளிர்ந்து வடிவது அது. ஒரு டன் நிலக்கரிக்குச் சுமார் 30 முதல் 45 கிலோ கிடைக்கும். ஒன்று எஞ்சியது, மற்றொன்று வடிந்தது. நிறம் ஒன்றாக இருப்பதால் பெயரும் ஒன்றாகிவிட்டது.

சுங்க அட்டவணை நிறத்தைப் பார்ப்பதில்லை, பிறப்பைக் கேட்கிறது. 2706 என்ற தலைப்பில் நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, முற்றா நிலக்கரியான பீட் ஆகியவற்றிலிருந்து வடித்த தாரும் பிற கனிமத் தார்களும் அடங்கும். நெய்வேலியில் முன்பு பழுப்பு நிலக்கரியிலிருந்து 'லெக்கோ' என்ற அடுப்புக்கரி செய்தார்கள். அப்படிப்பட்ட ஆலையில் வடியும் தாருக்கும் இதே எண்தான். தாரிலிருந்து நீரை அகற்றினாலும், அரைகுறையாக வடித்து எடுத்தாலும் எண் மாறாது. கெட்டியான தார்க்கட்டியோடு தார் எண்ணெயைக் கலந்து மறுபடியும் தாராக்கினாலும் 2706-ஐ விட்டு வெளியே போகாது. முழுமையாக வடித்துப் பிரித்தால்தான் பாகப்பிரிவினை: நாஃப்தலீன் போன்ற வடிபொருள்களும் எண்ணெய்களும் 2707-க்கு, அடியில் உறையும் தார்க்கட்டி 2708-க்கு. பெட்ரோலிய பிட்டுமென் 2713. டிரினிடாடின் புகழ்பெற்ற ஏரியில் இருப்பதைப் போல இயற்கையாகவே பூமியில் கிடைப்பது 2714. பிட்டுமெனை நீரில் கலந்து சாலையில் தெளிக்கும் எமல்ஷனும், எண்ணெய் சேர்த்து இளக்கிய கட்பேக் போன்ற கலவைகளும் 2715.

இவற்றுக்கெல்லாம் மூத்த மரத்தார் எங்கே என்று கேட்பீர்கள். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அட்டவணையின் அத்தியாயத்தைச் சொல்லும். மரத்தார் 27-ஆம் அத்தியாயத்திலேயே இல்லை. பிற வேதிப்பொருள்களோடு 3807-இல் இருக்கிறது. 27-ஆம் அத்தியாயம் கனிமங்களுடையது. மரம் கனிமம் அல்ல.

ஜிஎஸ்டி பில்லில் நாம் எழுதும் எண்களும் இந்த அட்டவணையிலிருந்தே எடுத்தவை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் ஆறு இலக்கம் எழுத வேண்டும். தவறான எண்ணோடு சரக்கு வந்தால், வாங்கியவர்தான் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நிலக்கரித் தார் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்து, முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 1915-இலேயே ஜப்பானில் முயல் காதில் அதை மாதக்கணக்கில் தடவிப் புற்று உண்டாவதைக் காட்டினார்கள். பிட்டுமென் அந்தப் பிரிவில் இல்லை, அதன் சூட்டுப்புகையும் நல்லதல்ல என்றாலும். பீப்பாயைத் திறந்து கையால் வேலை செய்கிறவருக்கு, உள்ளே இருப்பது எது என்பதைச் சொல்லும் பெயர் வேண்டும்.

அந்தப் பெயர் தமிழில் இருக்கிறது. கீல் என்பது பழகிய சொல். நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் பூசியது கீல் என்கிறது தமிழ் விவிலியம். பாபேல் கோபுரத்தில் சாந்துக்குப் பதிலாக வைத்ததை நிலக்கீல் என்கிறது. கதவுக்கீல், கீல்வாதம் என்று மூட்டைக் குறிக்கும் கீலும் உண்டு, ஆனால் இடம் பார்த்தால் குழப்பம் வராது. பிட்டுமெனுக்கு நிலக்கீல் நன்றாகவே பொருந்துகிறது. பில்லில் 'பெட்ரோலிய நிலக்கீல்' என்றால் தெளிவு. அப்படியானால் 2706-க்கு நிலக்கரிக் கீல் என்று சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். நிலக்கீல், நிலக்கரிக் கீல் இரண்டையும் அவசரத்தில் படிக்கும் கண் நடுவில் இருக்கும் 'கரி'யைத் தாண்டிப் போய்விடும். பிரிக்க வந்த பெயரே குழப்பிவிடக் கூடாது. அதனால் சூடாக்கி வடித்தவற்றுக்குத் தார் என்பதையே வைத்துக்கொள்ளலாம்: நிலக்கரித் தார், மரத்தார், பொதுப்பெயராகக் கனிமத் தார். தார்ச்சாலை என்ற சொல்லை யாரும் மாற்ற வேண்டியதில்லை. பேச்சில் அது சாலையின் பெயர், சரக்கின் பெயர் அல்ல.

ஒப்பந்ததாரரின் கட்டில் மூன்றாவதாக ஒரு பில்லும் இருந்தது. வேலையிடத்துக் கொட்டகையின் மரக்கால்களைக் கரையான் அரிக்காமல் இருக்கப் பூச வாங்கிய ஒரு பீப்பாய். அதிலும் தார், 2706 என்றே இருந்தது. எப்படி மணத்தது என்று கேட்டேன். "துணிக்குள் போடும் பாச்சை உருண்டை வாசம், சார். மண்ணெண்ணெயில் சரியாகக் கரையவும் இல்லை" என்றார். பாச்சை உருண்டை என்பது நாஃப்தலீன், அது நிலக்கரித் தாரின் பிள்ளை. பிட்டுமென் என்றால் மண்ணெண்ணெயில் கருகருவெனக் கரைந்திருக்கும். அந்த ஒரு பில்லை அப்படியே கோப்பில் வைத்தேன், தொடுகிறவர்கள் கையுறை போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். டேங்கர் சரக்குக்கு 2706 போட்ட பில்லை மட்டும் விற்றவருக்கே திருப்பி அனுப்பி, 'பெட்ரோலிய நிலக்கீல், வி.ஜி.30, 2713 20' என்று திருத்தித் தரக் கேட்டிருக்கிறோம்.