ஸ்கேன் நல்லம், ஆனாலும் பைக்கில் ஏறாதே

மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் விபத்துப் பிரிவுக்கு வருகிறவர்களின் சட்டையிலும் தலைமயிரிலும் நெல்மணி ஒட்டியிருக்கும். பெரும்போக அறுவடை முடிந்து, மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயும். மறுபாதியில், இருட்டினால், கட்டாக்காலி மாடுகள் படுத்துக்கிடக்கும். அந்த இடைவெளிக்குள்தான் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார்கள்.

அப்படி ஓர் இரவு வந்தவனுக்கு 19 வயது. மாட்டில் மோதி விழுந்திருக்கிறான். ஹெல்மட் போட்டிருந்தான். ரெண்டு நிமிடம் போல நினைவில்லாமல் கிடந்ததாகக் கூட வந்த நண்பன் சொன்னான். கையில் சிராய்ப்பு, முழங்காலில் ஒரு வெட்டு. சீடி ஸ்கேன் எடுத்தோம். இரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவும் இல்லை. ஆனால் முழங்காலுக்குத் தையல் போட்டு முடிக்கும் முன்னர் அவன் என்னிடம் மூன்று தரம் கேட்டான்: "டொக்டர், பைக் எங்க?" மூன்று தரமும் பதில் சொன்னேன். மூன்று தரமும் இப்போதுதான் கேட்கிறவனைப் போலத் தலையை ஆட்டினான்.

காலையில் தெளிந்துவிட்டான். அவனுடைய அம்மா வந்து நின்றார். "ஸ்கேன் நல்லம் எண்டுதானே சொன்னீங்க டொக்டர், மறுகா என்னத்துக்கு மறிக்கிறீங்க?" சனிக்கிழமை உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் கடைசி ஆட்டமாம். அவன்தான் கோல்காப்பாளர். பந்தைப் பிடிக்க மற்றவன் காலடியில் தலையைக் கொடுத்து விழுகிற வேலை அது.

அவன் போட்டிருந்த பச்சை டீசேர்ட்டின் முதுகில் 14 என்று இருந்தது. காரோட்டக்காரர் அலொன்சோவின் இலக்கம் அது. "அலொன்சோவா தம்பி?" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் போர்முலா வன் காரோட்டம் பிடிக்கும், அதனால் கொஞ்ச நேரம் கதைத்தோம்.

பெர்னாண்டோ அலொன்சோவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பெய்னின் ஒவியேதோவில் 1981இல் பிறந்தவர். அக்காவுக்காக அப்பா செய்த சிறிய கார்ட் வண்டி அக்காவுக்குப் பிடிக்காமல் போக, மூன்று வயதில் அது இவர் கைக்கு வந்தது. 2001இல் மினார்டி என்ற சின்ன அணியில் அறிமுகம். 2003இல் ஹங்கேரியில் முதல் வெற்றி. 2005இல் ரெனோ அணிக்காக உலகச் சம்பியன். தொடர்ந்து ஐந்து வருடம் பட்டத்தை வைத்திருந்த மைக்கேல் ஷூமாக்கரின் காலம் அந்த வருடம் முடிந்தது. 2006இலும் பட்டம் இவருக்கே.

அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் எல்லோரும் அதிகம் கதைப்பார்கள். 2007இல் மக்லாரனுக்குப் போனார். பக்கத்து ஆசனத்தில் புதுமுகமாக லூயிஸ் ஹமில்டன். ஒரே அணிக்குள் ரெண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். ஹங்கேரியில் தகுதிச் சுற்றின்போது, டயர் மாற்றும் இடமான பிட்டில் காரை நகர்த்தாமல் நின்று ஹமில்டனைத் தாமதிக்கவைத்தார் என்று தொடக்க வரிசையில் ஐந்து இடங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார். அதே வருடம் எதிரணியான பெராரியின் தொழில்நுட்பத் தகவல்கள் மக்லாரனிடம் இருந்த விவகாரம் வெடித்து, அணிக்குப் 10 கோடி டொலர் அபராதம். கடைசியில் இருவரும் தலா 109 புள்ளி, 110 எடுத்த கிமி ரைக்கனன் பட்டத்தைக் கொண்டுபோனார். மறுவருடம் ரெனோவுக்கே திரும்பினார். 2008 சிங்கப்பூரில் இவர் வெல்வதற்காக அணித் தோழர் நெல்சன் பிக்கே ஜூனியர் வேண்டுமென்றே சுவரில் மோதவைக்கப்பட்டார் என்பது அடுத்த வருடம்தான் வெளியே வந்தது. அணித் தலைமையில் இருந்தவர்கள் போனார்கள். அலொன்சோவுக்கு அதில் பங்கு இருந்ததாக விசாரணையில் தெரியவரவில்லை. பெராரியில் ஐந்து வருடம் இருந்தார். 2010இல் 4 புள்ளியாலும் 2012இல் 3 புள்ளியாலும் செபஸ்தியன் வெட்டலிடம் பட்டத்தை இழந்தார். அப்புறம் மீண்டும் மக்லாரன், இடையில் டொயோட்டாவோடு லெ மான்ஸ் 24 மணி நேர ஓட்டத்தில் ரெண்டு வெற்றி, பிறகு அல்பின், 2023 முதல் அஸ்டன் மார்ட்டின். மொத்தம் 32 கிராண்ட் பிரீ வெற்றிகள். பையன் இத்தனையையும் விரல்விட்டுச் சொன்னான். இரவு பைக் எங்கே என்று மூன்று தரம் கேட்டவன்தான்.

"சரி தம்பி, 2015 மெல்பேர்னில எத்தனையாவதா வந்தவர்?" என்று கேட்டேன்.

யோசித்தான். தெரியவில்லை. தெரியாதது அவனுடைய பிழை இல்லை. அந்த ஓட்டத்தில் அலொன்சோ இல்லை.

2015 பெப்ரவரி 22ஆம் திகதி பார்சிலோனாவில் பரீட்சார்த்த ஓட்டத்தின்போது அவருடைய கார் சுவரில் மோதியது. பார்ப்பதற்குப் பெரிய விபத்தாகவே தெரியவில்லை. காற்று அடித்துத் தள்ளியது என்றது அணி. ஸ்டியரிங் இறுகிவிட்டது என்றார் அவர். அந்தச் சர்ச்சை பத்திரிகைகளில் பல நாள் ஓடியது. ஆனால் ஒரு வைத்தியராக எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. மூன்று இரவு ஆஸ்பத்திரியில் இருந்தார். ஸ்கேன்கள் நல்லபடி வந்தன. வேறு முறைப்பாடும் இல்லை. அப்படியிருந்தும், மார்ச் 15இல் பருவத்தின் முதல் ஓட்டத்தை ஓடக்கூடாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். தலையில் ஓர் அதிர்வு விழுந்து ஆறுமுன் ரெண்டாவது விழுந்துவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். மக்லாரனுக்குத் திரும்பிய வருடம், ஹொண்டா எஞ்சினோடு புதுத் தொடக்கம், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓர் இடத்தையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் என்று பெயரெடுத்த மனிதர் வீட்டில் இருந்தார். அவருடைய ஆசனத்தில் கெவின் மக்னுசன் போனார்.

ஸ்கேன் நல்லம் என்றால் என்ன அர்த்தம் என்பதை அந்த அம்மாவுக்குத் தயிர்ச் சட்டியை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். எருமைத் தயிர்ச் சட்டியைப் பைக்கில் கொண்டுபோகிறீர்கள். சடாரென்று பிரேக் பிடிக்க வேண்டி வருகிறது. சட்டியில் ஒரு கீறல் இல்லை. வீட்டில் போய்க் கடதாசியை அவிழ்த்துப் பார்த்தால் தயிர் உடைந்து தண்ணி விட்டிருக்கும். எங்கள் ஸ்கேன் மண்டையோட்டு முறிவைக் காட்டும், இரத்தக்கசிவைக் காட்டும். மூளையின் கலங்கள் குலுங்கி, வேலை செய்யத் தேவையான சக்தியைத் தேடித் தடுமாறுவதை அது காட்டாது. அதைக் காட்டியது அவன் கேட்ட கேள்விதான்: பைக் எங்க, பைக் எங்க, பைக் எங்க.

இந்த நிலையில் இருக்கும் மூளை இன்னோர் அடியைத் தாங்காது. முதலாவது ஆறுமுன் விழும் ரெண்டாவது அடி சிறியதாக இருந்தாலும், மூளை சடுதியாக வீங்கி உயிர் போகலாம். இது அரிதாகவே நடக்கும். நடப்பது பெரும்பாலும் இளம் விளையாட்டு வீரர்களுக்கு. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், கவனம் சிதறுவது, தலைசுற்று, ஒரு நொடி தாமதமாகக் கை அசைவது எல்லாம் சில நாள், சில கிழமை இருக்கும். பிரேக்கை எட்டிப் பிடிக்கவேண்டிய கை அது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போனைப் பார்ப்பதையும் குறைக்க வேண்டும். அப்புறம் நடை, மெல்லிய ஓட்டம், தனியாகப் பயிற்சி என்று படிப்படியாக. தலையிடி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். மோதல் உள்ள ஆட்டத்துக்கும் பைக்குக்கும் வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

இன்னொரு விதமும் உண்டு. அதைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. சில வருடங்களுக்கு முன்னர் ஒருவர் விழுந்து, எழும்பி, சாரத்தைத் தட்டிவிட்டு, தானே பைக்கை நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். தேத்தண்ணி குடித்திருக்கிறார். தலையிடிக்கிறது என்று படுத்தவரைக் குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். விடியக் கொண்டுவந்தபோது ஒரு கண்மணி விரிந்துபோயிருந்தது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையில் கசியும் இரத்தம் சிலரை இப்படிச் சில மணி நேரம் கதைக்க, நடக்க விட்டுவிட்டுத்தான் சாய்க்கும். அதனால் வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே ஒருவர் இருக்க வேண்டும் என்கிறோம். இரவு முழுக்கத் தூங்கவிடாமல் வைத்திருக்கத் தேவையில்லை. எழுப்பினால் எழும்ப வேண்டும், கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். தலையிடி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, காதாலோ மூக்காலோ தண்ணி போல வடிந்தாலோ, கதை மாறினாலோ, கைகால் ஒரு பக்கம் சோர்ந்தாலோ யோசிக்காமல் கொண்டுவாருங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும், காசு இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிற வயதானவர்கள் என்றால் ஓர் அறிகுறியும் இல்லாவிட்டாலும் வந்து காட்டுங்கள். குடித்திருந்தவரை வெறியில்தான் உளறுகிறார் என்று முடிவுகட்டாதீர்கள்.

ரோட்டில் விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து சோடா பருக்குவதை இன்றும் பார்க்கிறேன். நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அரைமயக்கத்தில் குடித்தது நுரையீரலுக்குள் போகும். ஹெல்மட்டைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம், கழுத்து முறிந்திருக்கலாம்.

அந்தப் பையனின் ஹெல்மட்டை நண்பன் கொண்டுவந்திருந்தான். வெளியே ஒரு கீறல் மட்டும். உள்ளே துணியை விலக்கிக் காட்டினேன். வெள்ளை ரெஜிபோமில், இடது காதுக்கு மேலே, பெருவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். அவன் அதற்குள் பெருவிரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். அந்தப் பள்ளம் அவனுடைய மண்டையில் விழாமல் ரெஜிபோமில் விழுந்தது. நசுங்கிய ரெஜிபோம் திரும்ப எழும்பாது. அதனால் ஒரு தரம் அடிபட்ட ஹெல்மட்டை இனிப் போடக்கூடாது, தம்பிக்குக் கொடுக்கவும் கூடாது. இலங்கைத் தரச் சான்றான எஸ்எல்எஸ் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், நாடிப் பட்டியைப் பூட்டுங்கள். பொலிஸைக் கண்டதும் தலையில் வைத்து, பாலம் தாண்டியதும் கைப்பிடியில் தொங்கவிடுவதைக் கல்லடியில் தினமும் காண்கிறேன். டாங்கியின் மேல் இருத்திக் கூட்டிப்போகும் பிள்ளையின் தலையில் ஒன்றுமே இல்லை. அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அலொன்சோவை ரெண்டாம் தரமும் மறித்தார்கள். 2016 மெல்பேர்னில் எஸ்டெபான் குட்டியரெஸின் காரில் தட்டி, மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் போன கார் சுவரில் மோதி, அந்தரத்தில் உருண்டு சிதைந்தது. டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா பயப்படக்கூடாது என்று உடனே வெளியே வந்ததாகப் பிறகு சொன்னார். தானாக நடந்துதான் போனார். ஆனால் விலா எலும்புகள் முறிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருந்தது. அடுத்து பஹ்ரேனில் ஓடத் தயாராகத்தான் போனார். பந்தய வைத்தியர்கள் விடவில்லை. எழும்பி நடந்துவிட்டான், ஒன்றும் இல்லை என்று சொல்கிற எல்லா அப்பாமாருக்கும் அந்தக் காட்சியைத்தான் சொல்வேன். 2021இல் அவரைச் சாய்த்தது பந்தயத் தடமும் இல்லை. சுவிற்சர்லாந்தில் சாதாரண ரோட்டில் சைக்கிள் ஓடும்போது கார் மோதி மேல்தாடை உடைந்தது.

அந்த அம்மா சனிக்கிழமை மகனை விடவில்லை. பத்து நாள் கழித்துப் பஸ்ஸில் கூட்டிவந்தார். வாசித்தால் தலையிடிக்கிறது என்றான். இன்னும் ரெண்டு கிழமை என்றேன். கண் கலங்கிவிட்டது. அணி தோற்றிருந்தது, அது தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"அலொன்சோ அடுத்த ஓட்டத்துக்கு மலேசியாவுக்கு வந்தவர்தானே தம்பி" என்றேன்.

"மலேசியாவில கார் இடையில நிண்டுட்டு டொக்டர்" என்றான் உடனே. நான் சொன்ன அன்றே வீட்டில் போய்த் தேடிப் பார்த்திருக்கிறான். "அவருக்கு ஒண்டும் இல்ல. காருக்குத்தான் பழுது."