ஒரே ஒரு ‘டக்’: ஸ்டார்ட்டருக்குள் இரண்டு சுருள்கள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. புது பேட்டரி போட்டும் அப்படியேதான். ஸ்டார்ட்டர் மோட்டாரை வீட்டிலேயே மாற்றலாமா?”

மாற்றலாம். முதலில் அந்த ‘டக்’ எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

ஸ்டார்ட்டர் ஒரு கிலோவாட் அளவிலான மின்மோட்டார். அதன் சிறு பல்சக்கரமான பினியன், எஞ்சினின் ஃப்ளைவீல் விளிம்பிலுள்ள பெரிய பல்வளையத்தைச் சுழற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பினியன் விலகிவிட வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்ஸ்டார்ட்டர் 1912இல் கேடிலாக் கார்களில் வந்தது. இன்றைய ஸ்டார்ட்டரின் முதுகில் இருக்கும் சோலனாய்டு என்ற மின்காந்தச் சுவிட்சுதான் என்னைக் கவர்ந்த பகுதி.

அதற்குள் இரண்டு சுருள்கள்: ஒன்று இழுக்கும், ஒன்று பிடித்து வைக்கும். இரண்டுக்கும் சுற்று எண்ணிக்கை ஏறத்தாழச் சமம். பிடிக்கும் சுருளின் மறுமுனை நேரே எர்த்தில், அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்த உலோக உடலில், இருக்கிறது. இழுக்கும் சுருளுக்குத் தனி எர்த் கிடையாது, மோட்டாரின் வழியாகத்தான் அதன் மின்னோட்டம் எர்த்துக்குப் போகும். சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை இழுக்க, ஒரு நெம்புகோல் பினியனை முன்னே தள்ளுகிறது. இழுக்கும் சுருளின் மின்னோட்டம் மோட்டாரையும் மெல்லத் திருப்புவதால் பற்கள் முட்டாமல் இடைவெளியில் நுழைகின்றன. பயணத்தின் கடைசியில் பிளஞ்சர் ஒரு செம்புத் தகட்டை இரண்டு தடித்த முனைகளின் மேல் அறைகிறது. அதுதான் ‘டக்’. நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் மோட்டாருக்குள் பாய்கிறது.

அந்த நொடியில் இழுக்கும் சுருளின் இரு முனைகளிலும் பேட்டரியின் மின்னழுத்தமே இருப்பதால் அதில் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. யாரும் அணைக்கவில்லை, வேலை முடிந்ததும் தானே அணைந்தது! சாவியை விட்டதும் இன்னொரு அழகு: இன்னும் மூடியிருக்கும் செம்புத் தொடுமுனைகள் வழியே மின்னோட்டம் இழுக்கும் சுருளில் தலைகீழாகப் போய், பிடிக்கும் சுருளில் நேராகப் பாய்கிறது. இரண்டு காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஸ்பிரிங் பினியனைப் பின்னே இழுத்துவிடுகிறது.

இது புரிந்தால் சத்தமே நோயைச் சொல்லிவிடும். ‘டக்டக்டக்’ என்றால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம்: தொடுமுனை மூடியதும் அழுத்தம் சரிந்து பிளஞ்சர் விடுபடுகிறது, அழுத்தம் மீண்டதும் மறுபடி இழுபடுகிறது. ஒரே ‘டக்’ என்றால் செம்புத் தொடுமுனை எரிந்திருக்கலாம், மோட்டார் பழுதாகியிருக்கலாம். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித்துண்டான பிரஷ் முழுதும் தேய்ந்தால் இழுக்கும் சுருளுக்கு எர்த்தே இல்லாமல் போய், ‘டக்’கூடக் கேட்காது. சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டினால் சில நேரம் ஓடுவது, ஒட்டாத பிரஷ் ஒட்டிக்கொள்வதால்தான். கண்ணேறு என்று பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டுவதைவிட ஒரு மல்டிமீட்டர் வாங்குவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

அளந்து பாருங்கள். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், கிராங்க் செய்யும்போது (ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும்போது) 9.6க்குக் கீழே போகக்கூடாது. கியர் ‘பி’யில், ஹேண்ட்பிரேக் போட்டு, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் முனையில் 12 வோல்ட் இருந்து, சோலனாய்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் முனையில் வெகு குறைவாக இருந்தால் தொடுமுனை போய்விட்டது. அங்கும் 12 இருந்து மோட்டார் சுற்றாவிட்டால் கோளாறு மோட்டாருக்குள்.

மாற்றும் வேலை நீளமானதல்ல. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். இதை மறக்கவே கூடாது: ஸ்டார்ட்டரின் தடித்த கேபிளில் சாவி அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும், ஸ்பேனர் எஞ்சின் உடலைத் தொட்டால் உருகும். அடியிலிருந்து எட்டவேண்டிய வண்டி என்றால் ஜாக் மட்டும் போதாது, ஸ்டாண்ட் கட்டாயம். தடித்த கேபிளின் நட்டு, மெல்லிய கம்பியின் கிளிப், பிறகு பெரும்பாலும் இரண்டு 14 மில்லிமீட்டர் போல்ட்டுகள். கடைசி போல்ட் வரும்போது ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், பல ஸ்டார்ட்டர்கள் மூன்று நான்கு கிலோ இருக்கும்.

புதியதில் பினியன் பற்களை எண்ணிப் பழையதோடு ஒப்பிடுங்கள். பொருந்தும் பரப்பைக் கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேயுங்கள், மோட்டாரின் எர்த் அதன் வழியாகத்தான். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடு இருந்தால் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் பற்கள் அரைபடும். கேபிள் நட்டை மிதமாக முறுக்குங்கள், அளவு மீறினால் சோலனாய்டின் பிளாஸ்டிக் மூடி விரிசல் விடும். நெகட்டிவ் கடைசியில். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் கிராங்க் செய்யாதீர்கள்.

நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். அதனால் டெலிவரி வேன்களின் ஸ்டார்ட்டருக்கு இங்கே வேலை அதிகம். சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துப் பத்து வருடம் தாண்டி ஓடும் கார்களில் தொடுமுனை தேய்ந்திருப்பது இயல்பு. டென்சோ வகை ஸ்டார்ட்டர்களில் அந்தச் செம்புத் துண்டுகளை மட்டும் தனியாக மாற்றலாம். பழையதைக் கடைக்காரரிடம் கொடுக்கும் முன் சோலனாய்டு மூடியின் மூன்று திருகுகளைக் கழற்றிப் பாருங்கள்: ஒரு பக்கத் துண்டு மட்டும் கருகிக் குழிந்திருந்தால், மோட்டார் இன்னும் நன்றாகவே இருக்கக்கூடும்.